ஒரே லெப்டொப், நாலு ஷெல்: எதை எங்கே இன்ஸ்டால் பண்ணுவது?

லயத்துக்கோடி (ஹட்டன் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது தலை சுற்றுகிற நிலைக்கு வந்துவிட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பது ஒரே லெப்டொப். செகண்ட் ஹேண்ட், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வின்டோஸ் 11 இருக்கிறது, அதை எடுக்க முடியாது, பகலில் தங்கச்சி ஏ/எல் வேலைகளுக்கு அதைத்தான் பாவிக்கிறாள். இரவு எட்டு மணிக்கு மேல்தான் என் கைக்கு வரும். டவுனில் ஒரு டிப்ளோமா படிக்கிறேன். முதல் செமஸ்டரில் ஒரு சேர், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டுக்காக, கிட் பாஷ் போடச் சொன்னார், போட்டேன். அடுத்து சி படிப்பிக்க வந்தவர் எம்சிஸ்2 போட்டால்தான் ஜிசிசி (சி கம்பைலர்) ஒழுங்காக வரும் என்றார், அதையும் போட்டேன். பிறகு வீடியோ ஒன்றைப் பார்த்து, வின்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்ட விடும் டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு. பவர்ஷெல் முதலே இருந்தது. ஆக நாலு கறுப்பு ஜன்னல், அதாவது கட்டளை அடிக்கும் நாலு ஷெல்.

இப்போது பிரச்சினை என்னவென்றால் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பவர்ஷெல்லில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. கிட் பாஷில் அடித்தாலும் ஒழுங்காக ஓடுவதில்லை. உபுண்டுவில் ஓடுகிறது, ஆனால் பைத்தான் பக்கேஜ் போட பிப் கொடுத்தால் இந்தச் சூழல் வெளியில் இருந்து நிர்வகிக்கப்படுகிறது, இங்கே போட விடமாட்டேன் என்கிறது. எம்சிஸ்2 ஜன்னலில் கிட் என்று அடித்தால் அப்படி ஒன்றே இல்லையாம், பக்கத்து ஜன்னலில் அதே கிட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது! போன வாரம் உபுண்டுவில், நோட்ஜேஎஸ் பக்கேஜ்களுக்காக, என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தேன், யூஎன்சி பாதை ஆதரிக்கப்படாது, வின்டோஸ் ஃபோல்டருக்குப் போகிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு நின்றது. நான் உபுண்டுவில்தானே இருக்கிறேன், வின்டோஸ் ஃபோல்டர் எங்கிருந்து வந்தது?

எல்லாவற்றையும் அழித்து மூன்று தடவை திரும்பப் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் டேட்டாவுக்கு ரீலோட் காசு. சி டிரைவில் மிச்சம் 11 ஜிபி. ஒரு வின்டோஸ் அப்டேட் வந்தால் முடிந்தது கதை.

என் கேள்வி இதுதான். ஒரு மென்பொருளை ஒரு தடவை ஒரு பொது ஃபோல்டரில் போட்டு நாலு ஷெல்லுக்கும் காட்டிக்கொடுக்கலாமா? இல்லை நாலிலும் தனித்தனியாகப் போடத்தான் வேண்டுமா? நீங்கள் எல்லாம் எப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறீர்கள்? இன்னொன்று, லெப்டொப்பை விற்ற கடைக்காரர் யூசர் பெயரைத் தமிழில் போட்டுக் கொடுத்துவிட்டார், அதனால் யூசர் ஃபோல்டரின் பெயரும் தமிழில்தான் இருக்கிறது. இதனாலும் ஏதாவது வருமா?

கடுங்குளிர் (பண்டாரவளை)

தம்பி, வரும். கடைசிக் கேள்வியைக் கடைசியில் பார்க்கலாம். ஃபோனில் இருந்து எழுதுகிறேன், கீபோர்ட் மாற்றச் சோம்பலாக இருப்பதால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாலு ஷெல் என்று எண்ணுவதை விடுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு வீடு. ஒன்று வின்டோஸ், மற்றது டபிள்யூஎஸ்எல் 2-க்குள் இருக்கும் உபுண்டு. பவர்ஷெல், கிட் பாஷ், எம்சிஸ்2 மூன்றும் வின்டோஸ் வீட்டின் மூன்று வாசல்கள். கிட் பாஷில் எல்எஸ், கிரெப் எல்லாம் வருவதால் லினக்ஸ் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஓடுவது வின்டோஸுக்காகக் கட்டிய ஈஎக்ஸ்ஈ கோப்புகள். உபுண்டு அப்படியில்லை. உண்மையான லினக்ஸ் கெர்னல் ஒரு சின்ன மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது, அதன் டிஸ்க் முழுவதும் சி டிரைவில் ஒரே ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்பாகக் கிடக்கிறது. இந்த வீட்டுக்காகக் கட்டிய நிரல் அந்த வீட்டில் ஓடாது. ஆகவே உங்கள் பொது ஃபோல்டர் யோசனை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நடக்காது, வின்டோஸ் பக்கத்து வாசல்களுக்குள் மட்டும் ஓரளவுக்கு நடக்கும்.

சரி, உபுண்டுவுக்குள் வின்டோஸ் எங்கிருந்து வந்தது? பாத் வழியாக. நம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கடிதம் வருகிற மாதிரிதான் அது. வீட்டு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் மட்டும். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கீழ் லயத்தில் என் பெயரே உள்ள ஒருவர் வீட்டு அலுமாரிக்கு மேல் எட்டு நாள் கிடந்தது, என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து மூன்று நாள். அவர்மேல் பிழை சொல்ல முடியாது, பெயர் அவருடையதும்தானே. பாத் என்பது வரிசையாக எழுதிய ஃபோல்டர் பட்டியல். நீங்கள் ஒரு பெயரை அடித்தால் ஷெல் முதல் ஃபோல்டரில் இருந்து தட்டிக்கொண்டு போகும், அந்தப் பெயரில் முதலில் யார் கதவைத் திறக்கிறாரோ அவர் கையில் வேலையைக் கொடுத்துவிடும். டபிள்யூஎஸ்எல் என்ன செய்கிறதென்றால், நீங்கள் கேட்காமலே வின்டோஸின் முழுப் பட்டியலையும் உபுண்டுவின் பட்டியலுக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறது.

உபுண்டுவில் "டைப் -ஏ என்பிஎம்" என்று கொடுத்துப் பாருங்கள். பதில் /எம்என்டி/சி என்று தொடங்கி புரோகிராம் ஃபைல்ஸ், நோட்ஜேஎஸ் என்று போகும், பந்தயம் கட்டுகிறேன். உபுண்டுவின் பக்கேஜ் நிறுவியான ஏபிடியில் நோட் (நோட்ஜேஎஸ்) ஒரு பக்கேஜ், என்பிஎம் வேறு பக்கேஜ். நீங்கள் நோட் மட்டும் போட்டிருப்பீர்கள். வின்டோஸ் நோட் ஃபோல்டரில் என்பிஎம் என்ற பெயரில் பின்னொட்டு இல்லாத ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, உபுண்டு தேடிப் போய் அதைப் பிடித்துவிட்டது. ஈஎக்ஸ்ஈ கோப்புகளை அங்கிருந்து அழைக்க (அழைத்தாலும் அவை ஓடுவது வின்டோஸ் வீட்டில்தான்) .ஈஎக்ஸ்ஈ என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும், அதனால் அவை தவறிப் போய் மாட்டுவதில்லை. பின்னொட்டு இல்லாத ஸ்கிரிப்ட்தான் இப்படி நுழையும். நானும் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

நிறுத்த வழி: உபுண்டுவில் /இடிசி ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்.கொன்ஃப் என்று ஒரு கோப்பு, அதில் இன்டெரொப் என்ற பகுதிக்குக் கீழே "அப்பெண்ட்வின்டோஸ்பாத்=ஃபோல்ஸ்". பிறகு பவர்ஷெல்லில் "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" கொடுத்துத் திரும்பத் திறவுங்கள். ஜன்னலை மூடித் திறந்தால் மட்டும் போதாது.

அப்புறம் என் வழக்கம். ஒரு மென்பொருளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரன். வின்டோஸ் வீட்டில் பொதுக் கருவிகளை, வின்டோஸின் நிறுவிக் கட்டளையான வின்கெட் வழியாக மட்டும் போடுகிறேன், கையால் இன்ஸ்டாலரை இறக்கி நெக்ஸ்ட் நெக்ஸ்ட் அழுத்துவது இல்லை. உபுண்டுவில் அடிப்படைச் சாமான் ஏபிடி வழியாக, நோட் மட்டும் அதன் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் என்விஎம் வழியாக, பைத்தான் கருவிகள் ஒவ்வொன்றையும் தனியாக வைக்கும் பிப்எக்ஸ் வழியாக, ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் தனி வென்வ் (பைத்தானின் தனிச் சூழல்). நானே கட்டிப் போடுவது /யூஎஸ்ஆர்/லோக்கலில். முழு ஃபோல்டராக வரும் வெளிச் சாமான் /ஒப்ட்டில். இது என் கண்டுபிடிப்பு இல்லை, லினக்ஸ் கோப்பு அடுக்கு நியமமே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. /யூஎஸ்ஆர்/பின்னுக்குள் ஏபிடியைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. நீங்கள் பார்த்த "வெளியில் இருந்து நிர்வகிக்கப்படுகிறது" செய்தியும் அதைத்தான் சொல்கிறது: இந்தப் பைத்தானின் சொந்தக்காரன் ஏபிடி, நீ உனக்கென்று ஒரு வென்வ் செய்துகொள் என்று. அதைத் தாண்டிப் போக "பிரேக்-சிஸ்டம்-பக்கேஜஸ்" என்று ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள். பெயரைப் பார்த்தாலே புரியும், கொடுக்காதீர்கள்.

புரொஜெக்ட் ஃபோல்டரும் அப்படித்தான். உபுண்டு நோட்டில் வேலை என்றால் கோப்புகள் உபுண்டு ஹோமுக்குள் இருக்கட்டும், /எம்என்டி/சி வழியாக வேண்டாம், இழுவை தாங்காது. ஒரே ஃபோல்டரை இரண்டு கிட்டும் தொட்டால் வரி முடிவு எழுத்துக் குழப்பத்தில் தொடாத கோப்பெல்லாம் மாறியதாகக் காட்டும். நோட்மொடியூல்ஸ், வென்வ் இரண்டையும் வீடு மாற்றிக் கொண்டுபோகவே கூடாது. வின்டோஸில் செய்த வென்வுக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், லினக்ஸில் செய்ததில் பின் இருக்கும், எதை எங்கே செய்தீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பைத்தான் அடித்தால் ஸ்டோர் திறப்பது சின்ன விஷயம். செட்டிங்ஸில் "அப் எக்ஸிகியூஷன் அலியாஸ்" என்று தேடி பைத்தானுக்குரிய இரண்டையும் அணைத்துவிடுங்கள். பவர்ஷெல்லில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க "கெட்-கொமாண்ட் பைத்தான் -ஓல்". வேர் என்று மட்டும் அடித்தால் அது அங்கே வேறு வேலை செய்யும் பெயர், வேர்.ஈஎக்ஸ்ஈ என்று முழுதாக அடிக்க வேண்டும்.

பெங்குயின்தம்பி

இவ்வளவு வலி எதற்கு? வின்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் மட்டும் போடுங்கள், ஒரே வீடு, ஒரே பாத், விஷயம் முடிந்தது. 8 ஜிபி ரேமுக்கு அதுதான் மரியாதை.

லயத்துக்கோடி (ஹட்டன் பக்கம்)

மச்சான், தங்கச்சியின் டியூட் (பாடக் குறிப்புகள்) எல்லாம் வேர்டில் பாமினி எழுத்துருவில் வருகிறது, அவளுடைய மிஸ் அனுப்புகிறவை. நான் வின்டோஸைத் தூக்கினால் அவள் என்னைத் தூக்கிவிடுவாள். கேள்வியிலேயே சொன்னேனே.

கடுங்குளிர் அண்ணே, பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். /எம்என்டி/சிதான் வந்தது. மற்றவற்றை இன்று இரவு பார்க்கிறேன்.

லேப்மிஸ் (பதுளை)

கடுங்குளிர் சொன்னதில் பெரும்பாலானவை சரி. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, வின்டோஸ் பாத்தை முழுதாக வெட்டுவது. வெட்டிய மறுநிமிடம் உபுண்டுவில் இருந்து "கோட் ." என்று கொடுத்து விஎஸ் கோட் எடிட்டரைத் திறக்கிற வழக்கம் போய்விடும், எக்ஸ்ப்ளோரரும் பெயரைச் சொன்னால் வராது. பையன்கள் மிஸ் இது உடைந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். நான் வெட்டிவிட்டு, விஎஸ் கோட் இருக்கும் அந்த ஒரே ஒரு பின் ஃபோல்டரை மட்டும், பாஷ் திறக்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் பாத்தின் கடைசியில் சேர்த்து வைத்திருக்கிறேன். கதவை மூடி ஜன்னலை மட்டும் திறந்து வைத்த மாதிரி.

பாத்தைத் தொடப் போகிறீர்கள் என்பதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியை, பாடசாலை லேபில் கணினிகளைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான். ஒருநாள் அவசரத்தில் செட்எக்ஸ் கட்டளையால் பாத்தில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்தேன், இணையத்தில் எல்லாரும் எழுதி வைத்திருக்கிற அதே வரி. செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் சேமிக்காது, மிச்சத்தை வெட்டிவிடும். ஒரு எச்சரிக்கை வரி காட்டும்தான், கடைசியில் வெற்றி என்றும் போட்டால் யார் எச்சரிக்கையைப் படிக்கிறார்கள்? அந்த வரி சிஸ்டம் பாத்தையும் யூசர் பாத்தையும் ஒன்றாகக் கலந்து யூசர் பாத்தில் வேறு எழுதிவிட்டது. புதிதாகத் திறந்த ஜன்னல்களில் பாதிச் சாமானைக் காணவில்லை. வெளியில் இடி, மின்சாரம் எந்த நேரமும் போகலாம், அது பெட்டிக் கணினி, யூபிஎஸ் செத்து ஒரு வருடம். நல்ல வேளையாகக் காலையில் திறந்த ஒரு கிட் பாஷ் ஜன்னல் மூடாமல் இருந்தது. திறந்த ஜன்னல் தான் பிறந்த நேரத்துப் பாத்தைத்தான் வைத்திருக்கும், பிறகு வெளியில் மாற்றியது அதற்குத் தெரியாது. அதில் எக்கோ கொடுத்து முழுப் பட்டியலையும் என் ஃபோனில் படம் பிடித்தேன், படம் பிடித்து ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனது. அன்றிலிருந்து பாத்தை மாற்றுவது "சூழல் மாறிகள்" பெட்டிக்குள் போய்த்தான். மாற்றுவதற்கு முன்னால் பழையதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி டேட்டா விஷயம். தம்பி மூன்று தடவை இறக்கினேன் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் லேபில் ஒரே ஒரு மெதுவான லைன், நான் வீட்டில் இரவு டேட்டாவில் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோகிறவள். பைத்தானுக்கு "பிப் டவுன்லோட்" என்று ஒரு கட்டளை உண்டு, போடாமல் கோப்புகளை மட்டும் இறக்கி வைக்கும். பிறகு "பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --ஃபைன்ட்-லிங்க்ஸ்" என்று ஃபோல்டரைக் காட்டினால் நெட்டே இல்லாமல் ஏறும். இங்கேதான் இரண்டு வீட்டுக் கதை திரும்ப வருகிறது: இறங்கும் வீல் (பைத்தான் பக்கேஜ்) கோப்பின் பெயரின் கடைசியைப் பாருங்கள். வின்_ஏஎம்டி64 என்று முடிந்தால் வின்டோஸுக்கு. மெனிலினக்ஸ் என்று இருந்தால் உபுண்டுவுக்கு. நன்-எனி என்று முடிந்தால் இரண்டிலும் ஏறும். என் பென் டிரைவில் இரண்டு ஃபோல்டர், பொதுவானவற்றை இரண்டிலும் போட்டு வைத்திருக்கிறேன், இடம் போனால் போகட்டும்.

ஏபிடியில் ஒரு சின்ன சூட்சுமம். ஏபிடி என்று மட்டும் கொடுத்துப் போட்டால் இறக்கிய டெப் கோப்புகளைப் போட்டு முடிந்ததும் அழித்துவிடும். ஏபிடி-கெட் என்று கொடுத்தால் /வார்/கேஷ்/ஏபிடி/ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் விடப் பெரிய சேமிப்பு, உபுண்டுவை ஒரு தடவை ஒழுங்காக அமைத்ததும் "டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட்" கொடுத்து ஒரே டார் கோப்பாக எடுத்து வைப்பது. குழம்பினால் இம்போர்ட், அவ்வளவுதான். லேபில் ஒரு கணினியில் அமைத்து மற்றவற்றுக்கு அப்படித்தான் கொண்டுபோனேன்.

உங்கள் 11 ஜிபிக்கும் அந்த விஎச்டிஎக்ஸ் கோப்பு ஒரு காரணமாக இருக்கலாம். உபுண்டுவுக்குள் நீங்கள் எதை அழித்தாலும் அந்தக் கோப்பு வளர்ந்த அளவில் இருந்து தானாகச் சிறுக்காது. ஷட்டவுன் கொடுத்துவிட்டு டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தெரிந்து "கொம்பெக்ட் விடிஸ்க்" கொடுக்க வேண்டும். முதலில் எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு, அதையும் வெளி டிரைவில்.

கீழ்ப்பாதை (நானுஓயா)

எம்சிஸ்2 பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்குப் பழக்கமான தலைவலி அது.

எம்சிஸ்2 ஜன்னலில் கிட் இல்லை என்றது பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கிட் பாஷ் வின்டோஸ் பாத்தை வாங்கிக்கொள்ளும், எம்சிஸ்2 இயல்பாக வாங்காது. எம்சிஸ்2_பாத்_டைப் என்பதை இன்ஹெரிட் என்று வைத்தால் வாங்கும், ஆனால் வைக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம், அது தனியாக இருப்பதே நல்லது. கிட் பாஷே எம்சிஸ்2-இல் இருந்து பிரிந்து வந்ததுதான். இரண்டுக்குள்ளும் எம்சிஸ்-2.0.டிஎல்எல் என்ற கோப்பின் வேறு வேறு பதிப்பு இருக்கும், ஒன்றின் நிரலை மற்றதின் ஜன்னலில் ஓட்டினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஃபோர்க் முடியவில்லை என்று விழும். அண்ணன் தம்பி ஒரே சட்டையைப் போடப் போய்க் கிழித்த மாதிரி.

இன்னொரு பொறி. ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 என்று நாலைந்து ஐகன் இருக்கும், யூசிஆர்டி64, மிங்டபிள்யூ64, கிளாங்64, எம்சிஸ் என்று. நிறத்தைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் சும்மா எம்சிஸ்2-இன் பக்கேஜ் நிறுவியில் "பக்மன் -எஸ் ஜிசிசி" என்று கொடுத்துப் போட்டேன், கம்பைல் ஆனது, என் கணினியில் ஓடியது. கூட்டாளி ஒருவனுக்கு அனுப்பினேன், எம்சிஸ்-2.0.டிஎல்எல் எங்கே என்று அவன் கணினி கேட்டது. ஏனென்றால் வெறும் ஜிசிசி என்ற பக்கேஜ் எம்சிஸ் சூழலுக்கானது, அதில் கட்டியது எல்லாம் அந்த டிஎல்எல்லை நம்பியிருக்கும். சாதாரண வின்டோஸ் நிரல் வேண்டுமென்றால் யூசிஆர்டி64 ஜன்னலைத் திறந்து மிங்டபிள்யூ-டபிள்யூ64-யூசிஆர்டி-எக்ஸ்86_64-ஜிசிசி என்று அந்த நீண்ட பெயரைச் சொல்லிப் போட வேண்டும். பெயர் ரயில் மாதிரி நீளம்தான், ஆனால் எந்த வீட்டுக்குப் போகிறது என்று நெற்றியில் எழுதியிருக்கிறது. கடிதத்தில் வீட்டு இலக்கம் எழுதிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் கடுங்குளிர் அண்ணே.

எம்சிஸ்2 உட்காரும் எம்சிஸ்64 ஃபோல்டருக்குள் இருக்கும் யூஎஸ்ஆர் பின்னை வின்டோஸ் பாத்தில் சேர்க்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் கேட்காதீர்கள். ஃபைன்ட், சோர்ட் என்ற பெயர்கள் வின்டோஸிலும் இருக்கின்றன, லினக்ஸ் பக்கத்திலும் இருக்கின்றன, வேலை வேறு. எது முன்னால் நிற்கிறதோ அதைப் பொறுத்து ஏதாவது ஒரு பக்கத்து ஸ்கிரிப்ட் உடையும். விஎஸ் கோடுக்கு ஜிசிசி வேண்டுமென்றால் யூசிஆர்டி64-க்குள் இருக்கும் பின்னை மட்டும் சேருங்கள்.

தமிழ் யூசர் பெயர் பற்றி: எம்சிஸ்2-காரர்களே சின்னதான, ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள, இடைவெளி இல்லாத பாதையில் போடச் சொல்கிறார்கள். அது சி டிரைவின் அடியில் நேரே உட்கார்வதால் தப்பித்தீர்கள். ஆனால் யூசர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும் கருவிகள் நிறைய. நம் மொழி நமக்குப் பெருமைதான், பழைய பில்ட் கருவிகளுக்கு அது புரிகிறதில்லை. ஃபோல்டர் பெயரை மாற்றப் போகாதீர்கள், அதை நம்பி ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் சின்னப் பெயராக இரண்டாவது யூசர் ஒன்று உருவாக்கி உங்கள் வேலையை அதில் செய்யுங்கள். தங்கச்சியின் யூசர் அப்படியே இருக்கட்டும், இரண்டு பேருக்கும் நிம்மதி.

கடுங்குளிர் (பண்டாரவளை)

புது யூசர் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும், டபிள்யூஎஸ்எல்லில் போட்ட உபுண்டு வின்டோஸ் யூசருக்கு யூசர் தனித்தனி. புது யூசரில் திறந்தால் உபுண்டு இல்லை என்று சொல்லும், பதறி நாலாவது தடவை இறக்காதீர்கள். பழைய யூசரில் எக்ஸ்போர்ட், புதியதில் இம்போர்ட்.

லேப்மிஸ் சொன்ன ஜன்னல் வழியை நானும் எடுத்துக்கொள்கிறேன், நான் இவ்வளவு நாளும் விஎஸ் கோடைத் தனியாகத் திறந்து அங்கிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தேன், முட்டாள்தனம்.

ரேம் பற்றியும் ஒரு வார்த்தை. 8 ஜிபியில் டபிள்யூஎஸ்எல் பாதி வரைக்கும் இழுத்துக்கொள்ளும். யூசர் ஃபோல்டரில் .டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக் என்று ஒரு கோப்பு வைத்து, டபிள்யூஎஸ்எல்2 என்ற பகுதிக்குக் கீழே மெமரி=3ஜிபி என்று எழுதுங்கள். குரோமும் சேர்ந்து ஓட வேண்டுமே.

எதையும் அழிக்கும் முன்னால் ஒரு கணக்கு எடுங்கள். உபுண்டுவில் "ஏபிடி-மார்க் ஷோமெனுவல்", எம்சிஸ்2-இல் "பக்மன் -கியூஈ", வின்டோஸில் "வின்கெட் லிஸ்ட்". மூன்றையும் ஒரே கோப்பில் ஒட்டினால் எது இரட்டிப்பு என்று கண்ணுக்குத் தெரியும்.

லயத்துக்கோடி (ஹட்டன் பக்கம்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பரீட்சை இருந்தது. எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக மிஸ்ஸுக்கு. பாத்தை எடுத்து வைக்கச் சொன்னது ஒரு தடவை உண்மையாகவே காப்பாற்றியது, எப்படி என்று கேட்காதீர்கள்.

கணக்கெடுத்தபோது பைத்தான் மட்டும் ஐந்து இருந்தது. ஸ்டோரில் ஒன்று, இன்ஸ்டாலரில் ஒன்று, எம்சிஸ்2-இல் இரண்டு, உபுண்டுவில் ஒன்று. நோட் இரண்டு. கிட் மூன்று. இப்போது வின்டோஸில் பைத்தான் ஒன்று, வின்கெட் போட்டது, கிட் பாஷும் பவர்ஷெல்லும் அதையே காண்கின்றன. நோட் உபுண்டுவில் மட்டும், என்விஎம்மில். வின்டோஸ் நோட்டைத் தூக்கிவிட்டேன், இரண்டு இடத்தில் அதற்கு வேலையே இல்லை. எம்சிஸ்2-இல் ஜிசிசியும் மேக்கும் ஜிடிபியும் தவிர எல்லாம் போயிற்று, அதுவும் யூசிஆர்டி64-இல். கிட் மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன், ஒரு வீட்டுக்கு ஒன்று. புது யூசருக்கு உபுண்டுவைக் கொண்டுபோனதும் அது ரூட்டாக (நிர்வாகி யூசராக) திறந்தது, டபிள்யூஎஸ்எல்.கொன்ஃபில் யூசர் பகுதியில் டிஃபோல்ட் என்று என் பெயரை எழுதியதும் சரியானது.

நோட்டை மாற்றிய அன்று ஒரு வேடிக்கை. என்விஎம் போட்டாயிற்று, டைப் கொடுத்தால் புதியதைக் காட்டுகிறது. ஆனால் ஏற்கனவே திறந்திருந்த இன்னொரு உபுண்டு ஜன்னலில் நோட் என்றால் /யூஎஸ்ஆர்/பின்னில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அடம்பிடித்தது, நான் அப்போதுதான் ஏபிடி நோட்டை அழித்திருந்தேன். ஒரு மணி நேரம் தேடி, பாஷ் ஒருதடவை கண்டுபிடித்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. "ஹாஷ் -ஆர்" கொடுத்து அதை மறக்கச் செய்து, பாஷ்ஆர்சியைத் திரும்ப வாசிக்க வைத்ததும் வழிக்கு வந்தது. ஜன்னலை மூடித் திறந்திருந்தாலே போதும், அது எனக்குத் தோன்றவில்லை.

டிஸ்க் கொம்பெக்ட் பண்ணி, தேவையில்லாததை எடுத்தபின் 11 ஜிபி இப்போது 38. தங்கச்சிக்குச் சந்தோஷம், உடனே ஏதோ நாடகத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

ஒன்று மட்டும் மிச்சம். பவர்ஷெல்லில் பாஷ் என்று அடித்தால் கிட் பாஷ் வராமல் உபுண்டு திறக்கிறது. நான் எதுவும் அப்படி வைக்கவில்லையே?

கடுங்குளிர் (பண்டாரவளை)

சிஸ்டம்32 ஃபோல்டரில் பாஷ்.ஈஎக்ஸ்ஈ என்று ஒன்று இருக்கிறது, டபிள்யூஎஸ்எல்லின் பழைய வாசல் அது. சிஸ்டம்32 பாத்தில் முன்னால் நிற்பதால் அதுதான் முதலில் கதவைத் திறக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். பவர்ஷெல் புரொஃபைல் கோப்பில் கிட்டின் பாஷுக்கு முழுப் பாதையோடு ஒரு சின்ன அலியாஸ் (மாற்றுப் பெயர்) வைக்கலாம். கிட்பி என்று வையுங்கள்.